சின்ன சிலிண்டர் இல்லாமல் இறங்க மாட்டாள்

ஏற்காட்டு ஏரியில் செல்போனைத் தவறவிட்டவர்கள் முதலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைத் திட்டுவார்கள். பிறகு செல்போனைத் திட்டுவார்கள். கடைசியில் யாரோ சொல்லக் கேட்டு சிவசக்தியின் போண்டாக் கடைக்கு வந்து நிற்பார்கள். சிவசக்தி அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, "எந்தப் பக்கமுங்க வுழுந்துச்சு?" என்று கேட்பாள். ஏரி என்றில்லை, எஸ்டேட் குளத்தில் பம்ப் குழாய் அடைத்துக்கொண்டாலும், கிணற்றில் மோட்டார் விழுந்தாலும் மலைக்கு அவள் ஒருத்திதான்.

ஏற்காட்டுப் பக்கத்துச் செம்மநத்தத்தில் பிறந்த அவளுக்குத் தண்ணீர் மேல் அப்படியொன்றும் ஆசை கிடையாது. வீட்டில் குளிக்க இன்றைக்கும் ஆவி பறக்கும் வெந்நீர் வேண்டும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு சித்தப்பா மகளுடன் அந்தமானுக்குச் சமையல் வேலைக்குப் போனாள். சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய் மீன் காட்டும் கடை அது. சாம்பார் கொதிக்கிற நேரத்தில் காற்று சிலிண்டர்களைக் கழுவிக் கொடுத்தாள். பிறகு படகு வரை சுமந்து கொடுத்தாள். ஒரு நாள் அதை முதுகில் மாட்டிப் பார்த்தாள். முறையாகப் படித்துச் சான்றிதழும் வாங்கியபின் கடைக்காரர் சாம்பாருக்கு வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று.

அங்கேதான் அந்தச் சம்பவம் நடந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு நகைக்கடைக்காரருக்கு ஆமை காட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று மூச்சு இழுக்க இழுக்க, இளநீரின் அடியில் உறிஞ்சுகுழல் தடவுவதைப் போல ஒன்றும் வரவில்லை. சிலிண்டரில் ஏதோ கோளாறு. துணைக்கு வந்தவரின் உபரிக் குழாயை வாங்கிச் சுவாசிக்க வேண்டும் என்பது பாடம். அவள் கையை நீட்டினாள். நகைக்கடைக்காரர், இவள் தன் கழுத்துச் சங்கிலியைத்தான் பறிக்க வருகிறாள் என்று நினைத்து எதிர்ப்பக்கம் நீந்தினார். துரத்திப் பிடித்து, குழாயைப் பிடுங்கி, அவரைக் கட்டிப்பிடித்தபடியே மேலே வந்து சேர்ந்தாள். படகில் ஏறியதும் அவர் கடைக்காரரிடம், "இந்தப் பொண்ணு நடத்தை சரியில்லீங்க" என்று புகார் சொன்னார்.

அன்றைக்கே அவள் ஒரு சின்ன சிலிண்டர் வாங்கினாள். அதற்கென்று வாயில் கடிக்கத் தனி ரெகுலேட்டர், காற்றளவு காட்டத் தனி மீட்டர். பெரிய சிலிண்டரின் பக்கத்தில் கங்காருக் குட்டி மாதிரி அதைக் கட்டிக்கொண்டுதான் இறங்குவாள். இனி எந்த நகைக்கடைக்காரரையும் நம்பி மூச்சு விடுவதில்லை என்று முடிவு.

ஜெயபிரகாஷைக் கட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பியபோது சீர்வரிசையைப் போல அந்த இரண்டு சிலிண்டரும், காற்றடைக்கும் ஒரு பழைய கம்ப்ரசரும் கூட வந்தன. ஜெயபிரகாஷ் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். நல்ல மனிதன். யார் வீட்டில் எது ரிப்பேர் என்றாலும் கூப்பிடாமலே போய் நிற்பான். பெரிய சிலிண்டர் நிறையக் காற்று இருக்கும்போது சின்னது சும்மாதானே கிடக்கிறது என்பது மட்டும் அவன் மனதில் ஓர் ஓரமாக உறுத்திக்கொண்டே இருந்தது.

தை மாதத்தில் ஒரு நாள், மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ் போன் செய்தார். எஸ்டேட்டுக் கணக்கு வழக்கெல்லாம் பார்ப்பவர் அவர்.

"அம்மிணி, சாவிக்கொத்து குளத்துல வுழுந்துருச்சுங்க. குடோன் சாவி. களத்துல காப்பி பூராவும் காயுது. மேகம் வேற கூடி நிக்குது."

"டூப்ளிகேட் இல்லீங்களா?"

"இருக்குதுங்க. தொலஞ்சு போயிரக்கூடாதுன்னு அதையும் அதே வளையத்துலதானுங்க கோத்து வெச்சிருந்தேன்."

ஜீப்பில் சாமான்களை ஏற்றிக்கொண்டு இருவரும் போனார்கள். குளக்கரையில் எஸ்டேட்டே கூடியிருந்தது. முதலாளி சுஜாதா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கதவை உடைத்துவிடலாமே என்று யாரோ சொல்ல, அது வெள்ளைக்காரன் காலத்துத் தேக்குக் கதவு என்றும், தனக்குச் சம்மதம்தான், மாமியாருக்கு யார் சொல்வது என்றும் அவர் கேட்டார். யாரும் முன்வரவில்லை.

"எங்கே விழுந்தது ரைட்டர்?" என்றார் சுஜாதா.

"பம்பைப் பாக்கப் போனேனுங்க. பம்பு மெதக்குற தெப்பத்துல இருந்து, நடுவுல வுழுந்துச்சுங்க" என்றார் ஸ்தனிஸ்லாஸ். சிவசக்தி பக்கம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "ஓரத்துலயும் ஒரு பார்வ பாத்துருங்க அம்மிணி" என்றார்.

"நடுவுல வுழுந்தது ஓரத்துக்கு எப்படீங்க வரும்?"

"தண்ணி இழுக்குமுங்களே."

"கொளத்துத் தண்ணி எங்கீங்க இழுக்கும்?"

அவர் வானத்தைக் கையால் காட்டி, "மேகம் கறுக்குதுங்க அம்மிணி" என்றார்.

சிவசக்தி ரப்பர் உடுப்பை மாட்டினாள். பெரிய சிலிண்டரின் மீட்டரைப் பார்த்தாள், நிறைந்திருந்தது. சின்னதின் மீட்டரைப் பார்த்தாள். முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. தட்டிப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. நேற்று முன்தினம்தான் தன் கையால் அடைத்து வைத்திருந்தாள்.

திரும்பிக் கணவனைப் பார்த்தாள். ஜெயபிரகாஷ் ஜீப்பின் பின்சக்கரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் சக்கரம் துடைத்து அவள் பார்த்ததில்லை.

"ஏனுங்க, இதுல காத்து எங்கீங்க?"

"டயர்ல இருக்குது" என்றான் அவன், சக்கரத்தைப் பார்த்தபடியே. "கொண்டை ஊசி வளைவுல பஞ்சர். ஸ்டெப்னியும் காத்தில்லாமக் கெடந்துச்சு. ஜீப்பு நிறைய சனம். பஞ்சர் கடைக்காரன் ஒரு ஓஸ் பண்ணிக் குடுத்திருந்தான், செரி, மாட்டிப் பாப்பமேன்னு. நொம்ப நல்லா ஏறுச்சு சிவா. நாலு டயருக்கும் வந்துச்சு."

"நாலுக்குமா? ஒண்ணுதான பஞ்சரு?"

"மிச்சம் இருந்துச்சு."

அவள் உடுப்பின் ஜிப்பை இறக்கினாள். "நான் எறங்கலீங்க."

கரையில் சலசலப்பு எழுந்தது. ஸ்தனிஸ்லாஸ் கையைப் பிசைந்தார். "பெருசு ரொம்பி இருக்குதுங்களே அம்மிணி. இந்தக் குட்டி எதுக்குங்க?"

"உங்க ஊட்ல கேஸ் சிலிண்டரு எத்தனைங்க?"

"ரெண்டுங்க."

"சோறு பாதியில நின்னா ஓட்டல்ல வாங்கித் திங்கலாம். அதுக்கே ரெண்டு வெச்சிருக்கீங்க. எனக்குக் கீழ எந்த ஓட்டலுங்க இருக்குது? கூட எறங்க ஆளும் இல்ல."

சுஜாதா நாற்காலியிலிருந்து எழுந்தார். "அவங்க சொல்றபடி செய்யுங்க" என்றார். ஜெயபிரகாஷ் சின்ன சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, உருண்டு திரண்ட நான்கு டயர்களோடு வீட்டுக்குப் பறந்தான். அவன் வரும்வரை எஸ்டேட் சனம் முழுக்கத் தார்ப்பாயை இழுத்துக் காப்பியை மூடியது. சிவசக்தியும் ரப்பர் உடுப்போடு ஒரு முனையைப் பிடித்தாள்.

அவன் திரும்பி வந்து நீட்டிய சிலிண்டரின் மீட்டரை இரண்டு தடவை பார்த்துவிட்டு அவள் இறங்கினாள். கீழே ஒரே காப்பிக் கஷாயம். கண்ணுக்கு முன்னால் கை தெரியவில்லை. தெப்பத்துக்கு அடியில் சேற்றை விரலால் அளைந்தாள். ஒரு செருப்பு வந்தது. ஒரு டம்ளர் வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனபோது பழைய நைலான் கயிறு காலைச் சுற்றிக்கொண்டது. உதறியதில் சேறு கிளம்பி ரெகுலேட்டருக்குள் புகுந்தது. உடனே அது மூடாத குழாய் மாதிரிக் காற்றைக் கொட்ட ஆரம்பித்தது. நிற்கவில்லை. மீட்டரை முகக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பார்த்தாள், முள் இறங்கிக்கொண்டிருந்தது.

கை தானாக இடப்பக்கம் போயிற்று. பெரியதைத் துப்பிவிட்டுச் சின்னதைக் கடித்தாள். காற்று வந்தது. கொஞ்சமாக ரப்பர் வாசனை அடித்தது, ஆனால் வந்தது. இடுப்புக் கத்தியை எடுத்து, அவசரப்படாமல், கயிற்றை அறுத்தாள். சாவியைத் தேடும் எண்ணமே அவளுக்கு இல்லை. சின்ன சிலிண்டர் மேலே போகத்தான், வேலை பார்க்க அல்ல.

ஆனால் மேலே இருந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. குளத்தின் நடுவில் உலைநீர் மாதிரித் தண்ணீர் கொதித்ததை மட்டும் பார்த்தார்கள். ஜெயபிரகாஷுக்கு நீச்சல் தெரியாது. அது அவனுக்கே நினைவு வருவதற்குள் குளத்தில் குதித்துவிட்டான். நல்லவேளை, நான்கடி கூடத் தாண்டவில்லை. இடுப்பு வரை சேற்றில் இறங்கி நின்றுவிட்டான்.

சிவசக்தி தலையை வெளியே நீட்டியபோது, தன்னைக் காப்பாற்ற வந்தவனை ஏழெட்டுப் பேர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லியே சிவா?" என்று அவன் சேற்றிலிருந்து கேட்டான்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. நீங்க எங்கீங்க போறீங்க?"

"உன்னத் தேடித்தான்" என்றவன் முகத்தைச் சுளித்தான். "கால்ல என்னமோ குத்துது."

குனிந்து எடுத்தான். சாவிக்கொத்து. அசலும் டூப்ளிகேட்டும் ஒற்றுமையாக ஒரே வளையத்தில் தொங்கின. வளையத்தோடு சிக்கித் தூண்டில் நரம்பும் வந்தது. நரம்பின் மறுமுனையில் ஒரு மூங்கில் தூண்டிலும், அதில் தொங்கிய பிளாஸ்டிக் பையில் கெளுத்தி மீன் இரண்டும் வந்து சேர்ந்தன.

சுஜாதா ரைட்டரைப் பார்த்தார். "பம்பைப் பாக்கப் போனீங்களா?"

"பம்பையும் பாத்தேனுங்க" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

குடோன் திறந்தது. தார்ப்பாய்களைச் சுருட்டி, எல்லோரும் சாக்குச் சாக்காகக் காப்பியை உள்ளே சேர்த்தபின்தான் மழை வந்தது. ஸ்தனிஸ்லாஸ் யாருடைய முகத்தையும் பார்க்காமல் இரண்டு ஆள் மூட்டையைத் தனியாகச் சுமந்தார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் ஏறியவர்கள் சேற்று நாற்றம் தாங்காமல் ஒவ்வொருவராகப் பின்சீட்டுக்கு நகர்ந்தார்கள். முன்னால் சிவசக்தி மட்டும் இருந்தாள்.

"நீச்சல் தெரியாம எதுக்குங்க குதிச்சீங்க?" என்றாள் ஒரு வளைவில்.

"தெரியல புள்ள. கொதிச்சுதே."

அவள் வெளியே பார்த்துக்கொண்டாள். சிரிக்கிறாளா வேறு ஏதாவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. வீடு வந்ததும் வெந்நீர் போட்டு முதல் அண்டாவை அவனுக்கே கொடுத்தாள். அதை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுஜாதாவிடம் கேட்டுக்கொண்டு அதே குளத்துக்கு அவனை நீச்சல் பழகக் கூட்டிப்போனாள். அவன் லாரி டியூப் ஒன்றை மாட்டிக்கொண்டு கரையிலேயே நின்றான்.

"ஏம்புள்ள, இதுல அட்டை இருக்குமா?"

"எறங்குங்க, பாக்கலாம்" என்றாள் சிவசக்தி, தண்ணீருக்குள் நின்று கையை நீட்டியபடி.