ஏழாம் அறையின் சுவர்

அலமாரியின் மேல் சாய்ந்துகொண்டுதான் ஒப்துலியா ஏழாம் அறையைக் காட்டுவாள். வந்தவர்கள் ஜன்னலைத் திறந்து மூடுவார்கள், கட்டிலில் உட்கார்ந்து எழுந்து பார்ப்பார்கள். அவள் மட்டும் அந்த அலமாரியை விட்டு அசையமாட்டாள். வாய் மட்டும் ஓயாது. "வெயில் நேரா கட்டில் மேல விழும் கண்ணு. காலையில கண்ணு முழிச்சா எரிமலை தெரியும். மேகம் இருந்தாத்தான் தெரியாது." மலையூரான ஹலாபாவில் மேகம் இல்லாத காலை எத்தனை என்று கேட்கும் அளவுக்கு யாருக்கும் அவள் இடைவெளி விடுவதில்லை.

அலமாரிக்குப் பின்னால் ஒரு மாட்டுத்தோல் அகலத்துக்குச் சுவரில் ஓதம் ஏறியிருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் இருபது வருடமாக மறைத்துவிட்டாள். வீட்டுக்கார அம்மாவை அந்த ஊரில் மரியாதையாகத் 'தோன்யா' என்பார்கள். யாராவது மூக்கைச் சுளித்து, "என்ன தோன்யா, ஈர வாடை வருது?" என்று கேட்டால் கண் சிமிட்டாமல் பதில் வரும்: "அது ஈரம் இல்ல, சுவரோட நிறமே அதுதான்." நிறத்துக்கு வாடை உண்டா என்று மறுகேள்வி கேட்பதற்குள் சமையலறையைக் காட்டப் போய்விடுவாள்.

ஏரிக்கரையில் பல்கலைக்கழகம். அதற்கு மேலே ஏறுகிற சரிவுத் தெருவில் அவள் வீடு. ஒன்பது அறை, இரண்டு குளியலறை, ஒரே அடுப்பு. வாடகை குறைவு என்பதால் குறைகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. யாருக்கு எந்த அறை என்பதை அவள்தான் முடிவு செய்வாள், அதுவும் படிப்பைக் கேட்டுவிட்டு. சட்டம் படிக்கிறவர்கள் மாடி அறைக்கு, ஏனென்றால் நடந்துகொண்டே உரக்க ஒப்பிப்பார்கள். இசைக்காரர்கள் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில். மருத்துவ மாணவர்கள் யாரோ ஒருமுறை பீன்ஸ் வேகிற சட்டியில் பாடத்துக்கான எலும்பைப் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர்களுக்கென்று காதில் சிவப்புக் கயிறு கட்டிய சட்டி ஒன்று தனியாகத் தொங்குகிறது. மானுடவியல் படிக்கிறவர்கள் என்றால் மட்டும் கொஞ்சம் யோசிப்பாள். "நல்ல புள்ளைங்கதான். ஆனா ஒருத்தன்கிட்ட சாவி குடுத்தா ஒம்போது பேர் தூங்குவானுங்க."

நேர்காணல் பிள்ளைக்குக் கிடையாது, அம்மாவுக்குத்தான். "மொத நாள் எல்லாப் புள்ளையும் தேவதூதன்தான். அம்மாவைப் பார்த்தாத்தான் ரெண்டாம் வருசம் எப்படி இருப்பான்னு தெரியும்" என்பாள். ஊரிலிருந்து துடைப்பத்தோடு வருகிற அம்மாவுக்கு உடனே அறை. கழிவறைக்குள் எட்டிப் பார்க்காமல் இணையம் வேகமா என்று கேட்கிற அம்மாவுக்கு, "இப்பத்தான் ஒருத்தர் பேசி முடிச்சுட்டுப் போனாங்க" என்று முகம் கோணாமல் சொல்லி அனுப்பிவிடுவாள்.

நுழைவுத் தேர்வு முடிவு வந்தால் தெருவுக்கே ஜுரம் பிடிக்கும். வாசலுக்கு வாசல் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அட்டையில் 'மாணவருக்கு அறை' என்று தொங்கும். முதல் பேருந்திலேயே குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். கடற்கரைச் சூட்டிலிருந்து வருகிறவர்கள் போர்வையை மறந்துவிட்டு மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால் ஒப்துலியாவுக்குச் சிரிப்பு தாங்காது. "வெச்சுக்கோ, துணி காய வைக்க ஆகும்" என்பாள். அந்த நாட்களில் அவளுக்குக் கால் தரையில் பாவாது. முன்பின் தெரியாத பையனைத் தெருவில் நிறுத்தி, "எதுல கிடைச்சுது?" என்று கேட்பாள். பொறியியல் என்றால் அவன் கன்னத்தில் தட்டுவாள். கிடைக்கவில்லை என்றால் அவன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அவளும் ஒரு பாட்டம் அழுவாள். அடுத்த குடும்பம் சரிவில் ஏறி வருவதைப் பார்த்ததும் மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி வாயெல்லாம் பல்லாகிவிடும்.

இந்த வருடம் ஒப்துலியாவை ஆட்டி வைத்தவள் யுரிதியா. சோங்கோலிகா மலைப்பக்கத்துப் பெண். மே மாதம் தேர்வு எழுதுவதற்காகத் தாயார் மக்ரினாவோடு வந்து ஏழாம் அறையில் இரண்டு ராத்திரி தங்கினாள். உள்ளே நுழைந்தவள் ஜன்னலைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்க்கவில்லை. நேராக அலமாரியிடம் போய் அதன் பின்னால் கையை விட்டாள்.

"தோன்யா, இங்க ஈரம் இருக்கு."

"அது சுவரோட நிறம்மா."

"நிறம் கையில ஒட்டாதே."

பச்சையாக ஒட்டியிருந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். குறை சொல்லும் முகம் இல்லை அது. ஒப்துலியா ஒரு நொடி விழித்தாள், பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்காரும் அளவுக்குச் சிரித்தாள். தாயும் மகளும் உட்கார்ந்திருந்த அவளோடு சேர்த்தே கட்டிலைச் சுவரை விட்டு நகர்த்திப் போட்டுவிட்டுப் படுத்தார்கள். மூன்றாம் நாள் அவர்கள் கிளம்பும்போது, "நல்லபடியா போயிட்டு வா புள்ள. ஏழாவது உனக்குத்தான்" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் வாய்க்கும் மனசுக்கும் நடுவில் கதவு கிடையாது.

முடிவு வந்தது. வேதிப் பொறியியலில் யுரிதியாவுக்கு இடம் இல்லை. ஆனால் காத்திருப்போர் வரிசையில் மூன்றாவதாக நின்றாள். இடம் கிடைத்தவர்களில் யாராவது கடைசி நாளுக்குள் போய்ச் சேராவிட்டால், அந்த இடம் வரிசையில் அடுத்தவருக்கு நகரும். மலைமேல் சிக்னல் கிடைக்கிற ஒரே கடையிலிருந்து பேசினாள்.

"மூணு பேர் வேணாம்னு போனாத்தான் எனக்கு, தோன்யா. நீங்க அறையை வேற யாருக்காவது விட்டுருங்க."

"விடுறதும் விடாததும் என் பாடு. நீ போனை வை, காசு ஓடுது."

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யார் வரப்போவதில்லை என்பது அந்தத் தெரு வீட்டுக்காரிகளுக்கு எல்லோருக்கும் முன்னால் தெரிந்துவிடும், ஏனென்றால் மனம் மாறுகிறவன் முதலில் அறையைத்தான் வேண்டாம் என்பான். சாயங்காலம் சிப்பி வடிவ இனிப்பு ரொட்டி சூடாக வெளியே வரும் நேரத்தில் எல்லோரும் பேக்கரியில் கூடுவார்கள். ஒப்துலியா ஒரு கையில் தட்டும் மறு கையில் ரொட்டி எடுக்கும் இடுக்கியுமாக ஒவ்வொருத்தியிடமும் போய் நிற்பாள். "உன் வீட்டுல வேதிப் பொறியியல் எவனாவது கழண்டானா?"

முதல் செய்தி கொண்டுவந்தவள் எதிர்வீட்டு குக்கா. அவளும் அறை வாடகைக்கு விடுகிறவள், ஒப்துலியாவின் நாற்பது வருடத் தோழி. அவளிடம் அறை பேசியிருந்த துஸ்பான் ஊர்ப் பையன் ஒருவன் மாமாவோடு புவேப்லாவுக்கே படிக்கப் போய்விட்டானாம். ஒப்துலியா இடுக்கியைக்கூடக் கீழே வைக்காமல் அவளைக் கட்டி முத்தமிட்டாள். நாலு நாள் கழித்து இரண்டாவது செய்தி. மூலை வீட்டில் அறை எடுத்திருந்த ஒரு பெண்ணுக்குக் கடற்படைப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. "ரெண்டு ஆச்சு. இன்னும் ஒண்ணுதான்" என்று பேக்கரி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"அடுத்த வீட்டுப் புள்ள படிப்பு கெடணும்னு கன்னிமேரிக்கு மெழுகுவத்தி ஏத்துற மொத பொம்பளை நீதான்டி" என்றாள் குக்கா.

"கெடணும்னு யாரு சொன்னா? வேற நல்ல எடமா பார்த்துப் போகணும்னுதான் ஏத்துறேன். ரெண்டும் ஒண்ணா?"

மூன்றாவது செய்தி வரவே இல்லை. சேர்க்கையின் கடைசி நாளும் வந்தது. அன்று காலையில் போசா ரிகாவிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அப்பா எவேலியோ, அம்மா, சட்டப் படிப்பில் இடம் கிடைத்த பையன், கூடவே ஒரு மின்விசிறி. தன் வீடு நிரம்பிவிட்டதால் குக்காவே அவர்களை அழைத்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் கையில் புதுத் துடைப்பம். ஒப்துலியாவின் எந்தச் சட்டப்படி பார்த்தாலும் மறுக்க வழியில்லை.

மாடி அறை போன வாரமே போய்விட்டது. காலியாக இருந்தது ஏழாவது மட்டும்தான். அலமாரியில் சாய்ந்தபடி அவள் காட்டினாள். எரிமலையைப் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் எவேலியோவுக்கு அறை பிடித்துவிட்டது.

"படிப்பு முடியுற வரைக்கும் பையன் இங்கயேதான் இருப்பான். எங்களுக்கு மத்தியானம் பஸ்ஸுங்க. இப்பவே ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நிம்மதியாப் போவோம்."

குக்கா அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சரின்னு சொல்லுடி" என்று கண்ணால் மிரட்டினாள். இன்று தவறினால் ஜனவரி மாதம் வரைக்கும் அந்தத் தெருவில் அறை கேட்டு ஒரு குருவி வராது. ஓர் அறை காலியாகக் கிடந்தால் டிசம்பர் குளிரில் ஒன்பது அறைக்கும் வெந்நீர் போட எரிவாயு எங்கிருந்து வரும்? இது ஒப்துலியாவுக்குத் தெரியாததா? அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைக்கும் என்று யாரும் அவளுக்கு எழுதிக் கொடுக்கவும் இல்லை.

அவள் திரும்பி, தோளைக் கொடுத்து அலமாரியைத் தள்ளினாள். அது அலறிக்கொண்டு நகர்ந்தது. ஓரத்தில் இரண்டு காளான் சகிதம் மொத்தச் சுவரும் வெளியே வந்தது.

"இது... ஈரமா?" என்றார் எவேலியோ.

"ஈரமா? நீரூத்துங்க இது. கோர்ட்ல பேச வேண்டிய புள்ள, நெஞ்சுல சளி கட்டிக்கிட்டு இருமிக்கிட்டு நிப்பான். ரெண்டு தெரு தள்ளி மருந்துக்கடைக்கு மேல ஒரு அறை இருக்கு. நான் அனுப்பினேன்னு சொல்லுங்க, குடுப்பாங்க."

அந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டு துடைப்பத்தை இறுகப் பிடித்தாள். அவர்கள் தெருவில் இறங்கி மறைந்தபிறகும் குக்கா இடத்தை விட்டு அசையவில்லை.

"இருபது வருசமா என்கிட்டயே நிறம்னு சொன்னியேடி" என்றாள்.

செய்தபிறகுதான் ஒப்துலியாவுக்குப் பயம் வந்தது. வலிய வந்த வாடகையை எட்டி உதைத்தாயிற்று, இனி அந்தப் பெண்ணும் வராவிட்டால்? மத்தியானம் சேர்க்கை முடிந்தது. கறுப்பு பீன்ஸைத் தட்டில் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்தாள். பொறுக்கி முடித்ததையே மறுபடி கொட்டிப் பொறுக்கினாள். மாடியிலிருந்து ஒருவன் சட்டத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தான். "கொஞ்சம் வாயை மூடுறா" என்று அவள் கத்தியதில் வீடே கப்சிப்பென்று ஆகிவிட்டது.

போன் அடித்தபோது மணி நாலு இருக்கும். எடுத்தால் பேச்சில்லை, மலை ஏறி வந்த மூச்சு மட்டும் கேட்டது.

"சொல்லு புள்ள. மூச்சு அப்புறம் வாங்கிக்கலாம்."

"கூப்பிட்டாங்க தோன்யா. நாளை மறுநாள் வந்து சேரச் சொன்னாங்க. மூணாவது ஆளு வரலையாம்." கொஞ்சம் தயங்கினாள். "அறை இருக்கா?"

"இருக்கு, ஈரமான அறை. உனக்குத் தெரியாததா? கம்பளி ரெண்டாக் கொண்டா. அம்மாவையும் கூட்டிட்டு வா."

அவள் நன்றி சொல்வதற்குள் ஒப்துலியா போனை வைத்துவிட்டாள். அந்த மூன்றாம் ஆள் யார், ஏன் வரவில்லை என்பது அந்தத் தெருவில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. எங்கே இருந்தாலும் அவன் நன்றாக இருக்கட்டும் என்று சுவரில் இருந்த கன்னிமேரி படத்திடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

புது ஆள் வருகிறார் என்றால் அந்தத் தெருவில் மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் போடுவார்கள். ஒப்துலியா ஏழாம் அறை மெத்தையை உருவித் தலையில் தூக்கிக்கொண்டாள். உதவிக்கு வந்த பையனை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, குறுகலான படியில் முட்டி மோதி மேலே ஏறினாள். கைப்பிடிச் சுவரின் மேல் மெத்தையை விரித்துப் போட்டு, இரண்டு கையாலும் பட்பட்டென்று தட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. எதிர்மாடியில் குக்கா கொடியிலிருந்த துணிகளை அவசர அவசரமாக வாரிக்கொண்டிருந்தாள்.

"அடியே ஒப்து, மழை தூறுதுடி."

தூறிக்கொண்டுதான் இருந்தது, கொஞ்ச நேரமாகவே. ஒப்துலியா மெத்தையைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்தைத் தட்ட ஆரம்பித்தாள்.