எரியாத பல்புகளும் என் வலது தோளும்

எங்கள் கடையில் சாயா அடிப்பது நான், வடை போடுவது என் வீட்டுக்காரர். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கு கோடவுனுக்கும் மிளகு கோடவுனுக்கும் நடுவே இருக்கிற அந்தச் சின்னக் கடைக்கு முதல் தடவை வருகிறவர்கள் இதைப் பார்த்துக் கொஞ்சம் திகைப்பார்கள். “சேட்டன் சாயா அடிக்கிறதில்லையா?” என்று கேட்டால், “நான் அடிச்சா குடிக்க ஆள் வரணுமே” என்பார் அவர், எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமல். அவருடையது தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்ட குடும்பம். தமிழ்தான் பேசுவார், ஆனால் அதில் பாதி மலையாளம். நான் கம்பம் ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். இந்த வேலையை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. அவர் போட்ட சாயாவைச் சகிக்க முடியாமல் ஒரு நாள் குவளையைப் பிடுங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

சாயா அடிப்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது, உயரம்தான். வலது கைக் குவளை தலைக்கு மேலே போக வேண்டும். இடது கை கிளாஸ் இடுப்புக்குக் கீழே நிற்க வேண்டும். நடுவே சாயா அறுந்து போகாமல் இறங்க வேண்டும். அப்போதுதான் நுரை கட்டும், நாக்கு தாங்குகிற சூட்டுக்கும் வரும். யூதர்கள் குடியிருந்த ஜூ டவுனைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் வழி தப்பி எங்கள் பக்கம் வந்துவிட்டால், நின்று போனில் படம் பிடிப்பார்கள். அப்போது வேண்டுமென்றே இன்னும் ஒரு சாண் உயர்த்துவேன். கர்வம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தக் கைதான் ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்தில் மேலே போக மாட்டேன் என்றது. முதலில் தோளுக்குள் ஒரு குத்தல். பிறகு ஜாக்கெட் மாட்டுவது பெரும் பாடாயிற்று. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. தலை பின்ன முடியவில்லை. வீட்டுக்காரர்தான் பின்னிவிட்டார். பரோட்டாவுக்கு மாவு இழுக்கிற கை அது, பின்னல் எப்படி வரும்? கோடவுனில் மூட்டை தூக்குகிறவர்கள் என் தலையைப் பார்த்துவிட்டு, சாயாவை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள். டாக்டர் கையை அப்படி இப்படித் திருப்பிப் பார்த்து, “ஃப்ரோசன் ஷோல்டர்” என்றார். உறைந்து போன தோள் என்று அர்த்தமாம். கொச்சிப் புழுக்கத்தில், நாள் முழுக்க நெருப்புப் பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தோள் உறைந்துவிட்டதாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கடையில் இடம் மாறினோம். நான் வடைச் சட்டிக்குப் போனேன், அவர் சாயாவுக்கு வந்தார். அவர் ஊற்றியது கிளாஸில் பாதி, மணிக்கட்டில் பாதி. மணிக்கட்டு வெந்து சிவந்தது. வழக்கமாக வருகிறவர்கள் இரண்டாவது சாயா கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் கடையைப் பூட்டும்போது அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

“எடீ, மெஷின் வாங்கிடலாமா? பட்டனை அமுக்கினா சாயா வரும். உனக்கும் கஷ்டம் இல்ல.”

“அந்த மெஷின் வர்ற அன்னைக்கு நான் இந்தக் கடைக்கு வர மாட்டேன்” என்றேன்.

“கோபப்படாத. மழை முடியட்டும். அதுக்குள்ள கை மேல போச்சுன்னா நீயே அடி. போகலைன்னா மெஷின்தான்.”

அவர் மேல் தப்பு இல்லை. ஆனால் அன்று எனக்கு வந்த பயம் இன்னும் நினைவிருக்கிறது. பட்டனை அமுக்குவதற்கு நான் எதற்கு? யார் வேண்டுமானாலும் அமுக்கலாமே.

டாக்டர் எழுதிக் கொடுத்தபடி கலூர் பக்கம் ஒரு பிசியோதெரபி இடத்துக்குப் போனோம். அங்கே இருந்தது ஒரு சின்னப் பெண், எங்கள் மகள் வயதுகூட இருக்காது. என்னைச் ‘சேச்சி’ என்று கூப்பிட்டாள். ஸ்டூலில் உட்கார வைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, தோளுக்கு எதிரே ஒரு பலகையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பலகை நிறையக் குட்டிக் குட்டி பல்புகள். சுவிட்சைப் போட்டதும் செக்கச்செவேல் என்று ஒரு வெளிச்சம். அதுதான் சிகிச்சை என்றாள். நான் சூட்டுக்காகக் காத்திருந்தேன். சூடு வரவே இல்லை. லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஊசி இல்லை, மருந்து இல்லை, தொடுவதுகூட இல்லை. வெறும் வெளிச்சம். கண்ணாடிக்கு உள்ளே கண்ணை மூடிக்கொண்டு, இது எப்படி எனக்குள் போகும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் முகம் சரியில்லை.

“கண்டியா நீ? பாதி பல்பு எரியலை.”

“நான் எங்க பாத்தேன், கண்ணை மூடிட்டிருந்தேன்.”

“நான் பாத்தேன். ஒண்ணு விட்டு ஒண்ணு எரியுது. மத்ததெல்லாம் ஃப்யூஸ். அந்தக் குட்டிக்கு அது தெரியவே இல்ல. நம்மகிட்ட சும்மா காசு பறிக்கிறாங்க.”

கடையில் ஒரு பல்பு விட்டு விட்டு எரிந்தாலே பொறுக்காத மனுஷர். அடுத்த தடவையும் போனோம். அன்று நானும் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். உண்மைதான், ஒன்று விட்டு ஒன்று செத்துக் கிடந்தது. அந்தப் பெண்ணிடம் கேட்க எனக்கு வெட்கம், அவருக்குச் சங்கடம். பெண் பிள்ளையிடம் போய் உன் சாமான் பழுது என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் வந்துவிட்டோம். அதற்குப் பிறகு போகவில்லை.

எங்கள் கடைச் சமோவர் இன்னும் கரியில்தான் கொதிக்கிறது. பெரிய செம்புப் பாய்லர், அடியில் சிரட்டைக் கரி, தேங்காய்த் தொட்டியைச் சுட்டது. மதியம் கூட்டம் குறைந்த பிறகு அவர் அந்தக் கரியைக் கிளறி, கனல்கிற துண்டுகளை ஓர் இரும்புத் தட்டில் வாரிக்கொண்டு வந்து என் பின்னால் வைத்தார். “இது பாரு, ஒண்ணுகூட ஃப்யூஸ் இல்ல. முழுச் சிவப்பு” என்றார். அவருக்குச் சிவப்பு என்றால் சிவப்பு. எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. தோளைத் திருப்பிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பொய் சொல்லக்கூடாது, நல்ல சுகமாகத்தான் இருந்தது. கண் சொக்கியது. அவர் விசிறியால் கனலை ஊதிக்கொண்டு, “எப்படி, கலூரைவிட நல்லா இருக்கா?” என்று கேட்பார். ஆமாம் என்பேன். தினமும் மதியம் இதே வைத்தியம்.

கை மட்டும் ஓர் அங்குலம்கூட உயரவில்லை. அதற்குள் தோளின் பின்பக்கம் வலை போட்ட மாதிரிச் செம்பழுப்புக் கோடுகள் விழுந்துவிட்டன. ஒரு நாள் மதியம் நான் நன்றாகவே தூங்கிப்போனேன். அவர் தட்டை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் தள்ளி வைத்திருக்கிறார். எழுந்தபோது ஒரு பெரிய கொப்புளம். ஜாக்கெட் பட்டாலே உயிர் போயிற்று. அவர் அன்று மாலை ஒரு வடைகூடப் போடவில்லை. சட்டியை இறக்கி வைத்துவிட்டு, “வா, அந்தக் குட்டிகிட்டயே போவோம்” என்றார்.

தோளைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. “ஐயோ சேச்சி, இது எப்படி இப்படிப் பொள்ளிச்சு, வெந்து போயிருக்கே?” என்று கேட்டாள். நான் அவரைப் பார்த்தேன். அவர்தான் சொன்னார்.

“கரி வெச்சோம் மோளே.”

“கரியா? எதுக்கு?”

“இங்க பாதி பல்பு எரியலையே. அதான் கடையிலயே...” என்று இழுத்தார்.

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. பலகையை எரியவிட்டு, “சேட்டா, உங்க போன் தாங்க” என்றாள். அவருடையது திரை கீறல் விழுந்த பழைய போன். கேமராவைத் திறந்து அவர் கையிலேயே கொடுத்து, “எரியாத பல்புகளை இதுல பாருங்க” என்றாள்.

அவர் பார்த்தார். போனை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். மறுபடி போனில் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். போனுக்குள் அந்தப் பலகையில் ஒரு பல்புகூடச் செத்திருக்கவில்லை. நாங்கள் ஃப்யூஸ் என்று சொன்ன அத்தனையும் வெளிறிய ஊதா நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. தலையைத் திருப்பி நேராகப் பார்த்தால் இருட்டு. போனில் பார்த்தால் வெளிச்சம். முதல் நாளிலிருந்து அது என் தோள் மேல் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் கண்தான்.

“இது நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். சிவப்பே சதைக்குள்ள கொஞ்சம் போகும். இது இன்னும் உள்ளே போகும்” என்றாள். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, சின்ன டார்ச் மாதிரி ஒன்றை எடுத்து, சிவப்பாக எரிகிற அதன் முனையை என் உள்ளங்கைக்கு அடியில் வைத்தாள். என் கை எரிந்தது. நெருப்பில் எரிவது போல இல்லை. கை முழுவதும் உள்ளிருந்து சிவந்து ஒளிர்ந்தது, விரல் நுனிகூட. நரம்புகள் நிழலாகக் கிளை பிரிந்து ஓடின. எத்தனை வருஷமாக இந்தக் கையால் சாயா அடித்திருக்கிறேன், காய் நறுக்கியிருக்கிறேன், பிள்ளையை அடித்திருக்கிறேன். இதற்குள் வெளிச்சம் போகும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கல்லும் மண்ணும் போல அடைத்துக் கிடக்கிற சதை என்றே நினைத்திருந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் வலி என்று நினைத்து டார்ச்சை எடுத்துவிட்டாள். “இல்ல, வை, இன்னும் கொஞ்ச நேரம் வை” என்றேன்.

அவள் நேர்மையான பெண். “வெளிச்சம் மட்டும் கையைத் தூக்கிவிடாது சேச்சி. சிலருக்கு வலியைக் குறைக்கும், சிலருக்கு அதுவும் இல்ல. வலி குறையுற நேரத்துல நீங்கதான் தூக்கணும்” என்றாள். புண் ஆறும்வரை பலகை கிடையாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கரித் தட்டைப் பற்றி இன்னொரு முறை பேச்செடுத்தால் கடைக்கே வந்து சமோவரை உடைப்பேன் என்று அவரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூடத்துப் பையனாட்டம் தலையாட்டினார்.

புண் ஆறியதும் மறுபடி போகத் தொடங்கினோம். பலகையின் முன்னால் உட்காரும்போது இப்போது நான் எரியாத பல்புகளைத்தான் பார்ப்பேன். வணங்கத் தோன்றும். நானாகச் செய்யப் பயிற்சி ஒன்று, சுவரில் விரல்களை ஏற்றுவது. கடைக்குப் பக்கத்துச் சுவரில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நடந்து நடந்து மேலே போக வேண்டும். தோள் உயரத்துக்கு மேல் போனால் கத்திவிடுவேன். கோடவுன்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் என் முழங்கைக்குக் கீழே தன் கையை வைத்துக்கொண்டு நிற்பார். தொட மாட்டார். விழுந்தால் பிடிக்க நிற்பார்.

அந்த நாட்களில் எனக்குப் பைத்தியம் பிடித்ததோ என்று நினைத்திருப்பார்கள். சாயா ஆவியைப் பார்த்தால், கடைக்கு முன் காய்கிற சுக்கைப் பார்த்தால், வெயிலில் மூட்டை இறக்குகிறவனின் முதுகைப் பார்த்தால், இதிலெல்லாம் எனக்குத் தெரியாதது என்னென்ன இருக்கிறதோ என்று வியப்பாக இருக்கும். கனலில்கூடக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் உண்டாம், அந்தப் பெண் சொன்னாள். அப்படியானால் இத்தனை வருஷமும் அதன் முன்னால்தான் நின்றிருக்கிறேன். அப்படி நிற்பது எனக்குத் தெரியாமலே நின்றிருக்கிறேன்.

மழை முடிந்தது. மெஷினைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கை காதுவரை வந்திருந்தது. அதற்கு மேல் ஒரு முட்டல், தினமும் அதே இடத்தில்.

ஒரு நாள் முற்பகலில் லாரி இறக்கிவிட்டு ஆட்கள் மொத்தமாக வந்து நின்றார்கள். அவர் பரோட்டாக் கல்லில் இருந்தார். கிளாஸ்கள் வரிசையாகக் காத்திருந்தன. நான் யோசிக்காமல் குவளையை வலது கையில் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் பயம் வந்தது. சாயா ஊற்றத் தொடங்கியாயிற்று, நிறுத்த முடியாது. கை தோளைத் தாண்டியது. காதுக்கு வந்தது. அந்த முட்டல் வரும் என்று பல்லைக் கடித்தேன். வலித்தது, ஆனால் நிற்கவில்லை. தலைக்கு மேலே போய்விட்டது. சாயா அறுந்து போகாமல் நீளமாக இறங்கி, கிளாஸில் நுரை கட்டியது. யாரும் கவனிக்கவில்லை. யாரோ சுக்கு விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

குவளை காலியாகிவிட்டது. கை மட்டும் மேலேயே நின்றது.

“எடீ, சாயா தீர்ந்து போச்சு. கையை இறக்கு” என்றார் அவர், கல்லின் பக்கத்திலிருந்து.

“இறக்கினா மறுபடி ஏறலைன்னா?”

அவர் கல்லை விட்டு வந்தார். இடுப்பு முண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, என் இடது கையிலிருந்த கிளாஸை வாங்கிப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். அந்தக் கையில் ஒரு காலிக் கிளாஸை வைத்தார்.

“ஏறும். அடுத்தது போடு” என்றார்.

கையை இறக்கினேன். குவளையை நிரப்பிக்கொண்டேன். ஏறியது.