தைரியப் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட திலகவதி

சுதாகருக்குப் பொது மேலாளர் பதவி கொடுத்த வாரத்திலேயே திலகவதிக்குத் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அழைப்பு வந்தது.

நெய்வேலிச் சுரங்கத்தில் கரியை ஏற்றிக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டின் பராமரிப்பை கான்ட்ராக்ட் எடுத்திருந்த தனியார் நிறுவனம் அது. குள்ளஞ்சாவடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து பொறியியல் படித்து வந்து, இருபது வருடத்துக்கு மேலாக அங்கே உழைத்தவள் திலகவதி. சுதாகர் அவளிடம் வேலை கற்றவன். அவன்மேல் அவளுக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் நிறுவனத்தின் விதிமுறைமேல்தான். பொது மேலாளராக வேண்டுமானால் சுரங்கத்துக்குள் ஷிப்ட் பொறுப்புப் பார்த்திருக்க வேண்டுமாம். அதைத்தானே அவள் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்! கல்யாணமாகப் போகிற பெண் என்றார்கள். பிறகு கைக்குழந்தைக்காரி என்றார்கள். மகன் கல்லூரிக்குப் போன பிறகு, தூசியும் வெயிலும் உங்களுக்கு ஆகாது என்றார்கள். அதே வெயிலில் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியைக் கூட்டி அள்ளும் கான்ட்ராக்ட் பெண்களுக்கு மட்டும் எப்படி ஆகிறது என்று யாரும் சொல்லவில்லை.

மகளிர் தினத்துக்கு மட்டும் அவள் தலையில் ஹெல்மெட் மாட்டி, சுரங்க விளிம்பில் நிற்கவைத்துப் படமெடுத்து அலுவலக வாசலில் பெரிதாக வைத்திருந்தார்கள்.

நிறுவனத்துப் பெண்களுக்கு மட்டுமான அந்தப் பயிற்சி பாண்டிச்சேரியில் ஒரு ஹோட்டலில் நடந்தது. நிமிர்ந்து உட்காருவது, குரலை உயர்த்திப் பேசுவது, தயக்கத்தை விடுவது என்று இரண்டு நாள் போயிற்று. எது உங்களை மேலே போகவிடாமல் தடுக்கிறது என்று பயிற்சி தந்த அம்மாள் ஒவ்வொருவராகக் கேட்டாள். பயம், கூச்சம் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

"எனக்கு தைரியம் பத்தாம இல்லீங்க," என்றாள் திலகவதி. "சுரங்கத்துக்குள்ள வேலை குடுக்க மாட்டேங்கறாங்க. அதுக்கு என்னங்க பயிற்சி இருக்கு?"

அது தன் கையில் இல்லை என்று அந்த அம்மாள் உள்ளதைச் சொன்னாள்.

வீடு திரும்பியதும், சம்பளம் ஒழுங்காக வருகிறதே, இன்னும் கொஞ்ச வருடம் தள்ளிவிடு என்றார் கணவர் ராஜாங்கம். திலகவதி அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. பயிற்சிக்கு வந்த பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு நேரே நிர்வாக இயக்குநர் அறைக்குப் போனாள். உங்களுக்காக எவ்வளவு செலவு செய்கிறோம் தெரியுமா என்று அவர் தொடங்கினார்.

"செலவே வேணாம் சார். ஆம்பளைங்கள அனுப்பற மாதிரி எங்களையும் வரிசைப்படி ஷிப்ட்டுக்கு அனுப்புங்க. அதுவரைக்கும் வாசல்ல என் போட்டோ இருக்க வேணாம்."

படம் மறுநாளே போய்விட்டது. ஷிப்ட் வரத்தான் மாதக்கணக்காயிற்று. பெண்கள் மாதா மாதம் அந்த அறைக்குப் போய் நின்றார்கள். கடைசியில் சுரங்கத்துக்குள் பெண்களுக்குக் கழிப்பறை கட்டினார்கள். அவர்களில் ஒருத்தியான ஜூனியர் இன்ஜினியர் இசைப்பிரியா முதல் பெண் ஷிப்ட் பொறுப்பாளராக உள்ளே போனாள்.

திலகவதிக்கு? இந்த வயதில் எதற்கு மேடம் அலைச்சல் என்றார்கள். நேற்றுவரை சின்னப் பெண், தாய், இன்று கிழவி. வேலை தெரிந்தவளாக அவர்கள் கண்ணுக்கு அவள் ஒருநாளும் தெரியவில்லை.

அடுத்த மகளிர் தினத்தில், பெண்களுக்குச் சுரங்கத்தைத் திறந்துவிட்டது தங்கள் நிறுவனம்தான் என்று மேடையில் பெருமை பேசினார்கள். பொன்னாடை போர்த்த திலகவதியைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. விழா முடிந்து நிர்வாக இயக்குநர் தன் அறைக்குத் திரும்பியபோது, இன்னொரு பெண்ணுக்கும் ஷிப்ட் பொறுப்புக் கேட்டு, அந்தப் பெண்ணோடு அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள்.