சுகிர்தனின் சுவரும் பதினொரு மாடியும்

திறப்பு விழா மலரில் அவருடைய படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது: "திரு. சுகிர்தன், அயற்காணி உரிமையாளர். இக்கட்டடம் மாடி மாடியாக உயர்ந்தபோதெல்லாம் உளம் மகிழ்ந்து, எல்லா வகையிலும் ஒத்துழைத்த பெருந்தகை." இதில் அயற்காணி உரிமையாளர் என்பது மட்டும் சரி.

கொழும்பில் பதினொரு மாடியை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. திருகோணமலை உட்துறைமுக வீதியில் அது வானத்தை முட்டுகிறது. அதற்கு முன்னால், கடற்பக்கமாக, சுகிர்தனின் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. நெடுங்காலம் அந்தத் தெருவில் உயரமானது அதுதான். ஓட்டோக்காரரிடம் "மூன்று மாடியடி" என்றால் போதும், முகவரி தேவையில்லை. சுகிர்தனுக்குத் தன் சொந்தப் பெயரைவிட அந்தப் பெயரில் பிரியம் அதிகம்.

பின்காணியை வாங்கி இந்த ஹோட்டலை எழுப்பியவன் யுகேந்திரன். முன்பு சுகிர்தனிடமே கீழ்க்கடையை வாடகைக்கு எடுத்துத் தொலைபேசி திருத்தியவன். பிறகு சுற்றுலாப் பயணிகளுக்குத் திமிங்கிலம் காட்டப் படகு விட்டான். ஒரு படகு பல படகாயிற்று. வெளியூர்ப் பணக்காரன் எவனாவது ஹோட்டல் கட்ட வந்திருந்தால் சுகிர்தன் பொறுத்திருப்பார். தன் கடைக்குள் குனிந்திருந்தவன் தனக்கு மேலே நிமிர்வதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

முதல் வரைபடத்தில் ஐந்து மாடிதான். கொழும்புக் கட்டடக் கலைஞர் தேனுகா கெட்டித்தனமாகவே வரைந்திருந்தார்: கீழே கடைகள், மேலிரண்டு மாடிகளிலும் அறைகள். பல்கனிகள் ஒவ்வொன்றும் சற்றே திரும்பி, சுகிர்தனின் மொட்டை மாடிக்கு மேலாகத் துறைமுகத்தைப் பார்க்கும். அந்தப் படத்தைப் பணிவாகக் கொண்டுவந்து சுகிர்தனிடம் காட்டியதுதான் யுகேந்திரன் விட்ட பிழை. அடுத்த கிழமையே மொட்டை மாடியின் பின்பக்கம் ஒரு சுவர் எழும்பத் தொடங்கியது. தண்ணீர்த் தாங்கிக்குக் காற்று மறைப்பாம்.

சுவர் முடிந்ததும் அதில் ஒரு வெருளியையும் கட்டினார். புது வீடு எழும்பும்போது பொறாமைக் கண் படாமலிருக்க வைக்கோலடைத்துத் தொங்கவிடுவோமே, அந்த உருவம். மனைவி துஷாந்தி கீழே நின்று பார்த்தார்.

"வெறும் சுவருக்கு ஆர் கண்ணூறு வைக்கப்போகினம்?"

"வைக்கிறவன் வைப்பான்."

"அதுதான் அதுக்கு உங்கட பழைய சேட்டு ஒண்டைப் போட்டுவிட்டனான். ஆளைப் பாத்தாலே மற்றக் கண்ணெல்லாம் பயந்திடும்."

தேனுகா படத்தைத் திருத்தினார். மறைபட்ட மாடிகள் வாகனத் தரிப்பிடங்களாயின, அறைகள் மேலே ஏறின, கட்டடம் எட்டு மாடியாயிற்று. கேள்விப்பட்டதும் சுவரும் உயர்ந்தது. அத்திவாரம் வெட்டுமுன் தேனுகா நேரிலேயே வந்தார். சுகிர்தன் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, மிக மரியாதையாகக் கதைத்தார்.

"ஐயா, உங்கட சுவர் எவ்வளவில முடியும் எண்டு சொன்னீங்களெண்டா, நான் படத்தை முடிச்சிடுவன்."

"உங்கட படம் முடியட்டும் பிள்ளை. பிறகு பாப்பம்."

தேனுகா கொழும்புக்குப் போய்ப் பதினொரு மாடிக்குப் படம் கீறினார். அந்தப் பாரத்துக்குத் தூண்களை வெகு ஆழம் இறக்கவேண்டியிருந்தது. ஐந்து மாடிக்குக் கடன் தர யோசித்த வங்கி, பதினொன்றுக்கு யோசிக்கவில்லை. யுகேந்திரனின் பேராசைதான் இந்த உயரம் என்று ஊர் சொல்கிறது. அவனுக்கு ஐந்தே போதுமாயிருந்தது.

திறப்பு விழாவன்று அவன் சுகிர்தனை லிப்டில் உச்சிக்குக் கூட்டிப்போனான். துறைமுகம் முழுவதும் தெரிந்தது, தூரத்தில் மூதூர்க் கரையும் தெரிந்தது. நேர் கீழே, வெற்றிலைப் பெட்டியளவில், மூன்று மாடி.

"அண்ணை, உங்கட சுவர் இல்லாட்டி நான் இவ்வளவு உயரத்துக்கு வந்திருக்கமாட்டன்" என்றான் யுகேந்திரன். கேலியில்லை, மெய்யான நன்றி. கேலியென்றால் சுகிர்தன் தாங்கியிருப்பார்.

அவர் லிப்டை விட்டுப் படிவழியே இறங்கினார். மேல் தரிப்பிடத்தில் காவலாளி ஒருவர் பிளாஸ்டிக் கதிரையில் சாய்ந்து, சுவரின் விளிம்புக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் தெரிகிறதா என்று சுகிர்தன் விசாரித்தார்.

"ஓம் ஐயா, ஒரு துண்டு தெரியுது. நல்ல காத்தும் வருது."

மறுநாள் சுகிர்தன் மேசனைக் கூப்பிட்டுச் சுவரை இன்னும் இரண்டடி உயர்த்தினார்.