ஒன்பது மரத் தூரம்

அப்போது நான் கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மண்டோர். விடியற்காலையில் ஆட்கள் வரிசையில் கூடும் பெரட்டில் அவர்களை எண்ணி வேலைக்காட்டுக்கு அனுப்புவது என் பொறுப்பு. ஆற்றோரச் சதுப்பிலிருந்து ஒரு ஒற்றைக் காட்டுப்பன்றி ரப்பர் மரங்களுக்குள் வர ஆரம்பித்து, ஒருவனின் தொடையைக் கிழித்துவிட்டது. அங்கேதான் என் மனைவிக்கும் பால் வெட்டும் மர நிரை. அவளுக்கு ஏழாம் மாதம். மற்றவர்களின் பெண்டாட்டிகளை அதட்டி அனுப்பிவிட்டு என் பெண்டாட்டியை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு முகமில்லை. அனுப்பினேன். அப்புறம் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

துரையிடம் ஒரு பழைய கனத்த துப்பாக்கி இருந்தது. அதன்மேல் புதிதாகத் தொலைநோக்கிக் குழாய் ஒன்றைப் பொருத்தியிருந்தார். கூடவே வந்த அச்சுத்தாளில் இருநூறு கெஜத்தில் குறியைச் சரிசெய்யும்படி போட்டிருந்ததாம். பந்துத் திடலில் தொடங்கி அதையும் தாண்டி நான் தூரத்தை அளந்து குறிக் காகிதம் கட்டினேன். குண்டு நடுவில் விழும்வரை சுட்டுவிட்டுப் புதுமாப்பிள்ளை மாதிரி நடந்து போனார். மறுநாள் ஆட்கள் இறங்குமுன் பன்றி கிட்டத்திலேயே நின்றது. சுட்டார். அது ஓடிவிட்டது.

நான் தூரத்தைத் தப்பாக அளந்துவிட்டேன் என்று என்னைத்தான் திட்டினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பன்றி நின்ற இடத்துக்குப் போனேன். கொஞ்சம் முதுகு மயிர் கிடந்தது. பின்னாலிருந்த மரத்தில், பன்றியின் முதுகுக்குச் சற்று மேலே, குண்டு துளைத்த இடத்தில் பால் வழிந்துகொண்டிருந்தது. துரையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இங்க நின்னு பாருங்க தொரை. எத்தனை மரம் தெரியுது?"

எண்ணினார். ஒன்பதாவது மரத்துக்கு அப்பால் வெறும் புதர்.

"மரத்துக்கு மரம் இருபது அடி. அறுபது கெஜந்தான் ஆவுது. இருநூறுக்கு எட்டணும்னு குண்டு மேல ஏறிப் போவுது. கிட்டக்க நிக்கிற பன்னிக்கு அது தலைக்கு மேல போயிடுது."

"பேப்பர்லெ இருநூறு போட்டிருக்கு," என்றார் தோட்டத் தமிழில்.

"பேப்பர் எழுதுனவரு ரப்பர் காட்டைப் பார்த்திருக்க மாட்டாரு தொரை."

அவர் முகம் சிவந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். போனால் போகட்டும், பன்றி செத்தால் போதும் என்றிருந்தது. அவர் மரங்களை இன்னொரு தரம் எண்ணிவிட்டு, குறிக் காகிதத்தை எடுத்துவரச் சொன்னார். அன்று மாலை ஒன்பது மரத் தூரத்தில் குழாயின் திருகைத் திருகித் திருகிச் சுட்டார். ஐந்தாவது குண்டு நடுவில் விழுந்தது.

மூன்றாம் நாள் பன்றி வந்தது. ஒரே வெடி. விழுந்தது எழுந்திருக்கவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துரை பார்த்துக்கொண்டுதான் நின்றார், எனக்கு வெட்கமாகவே இல்லை.

பாதையில் காத்திருந்த ஆட்களோடு என் மனைவியும் பால் வாளியோடு வந்தாள்.

"செத்துடுச்சா?"

"செத்துடுச்சு."

வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நாளையிலேருந்து நான் வீட்டுல இருந்துக்கறேன். பன்னிக்குப் பயந்து பொண்டாட்டியை ஒளிச்சு வெச்சுட்டாருன்னு இனிமே உங்களை யாரும் பேச முடியாதுல்ல."