நாலு வேளைச் சொட்டு

எனக்குக் கல்யாணமான மறு வருஷம் மாமனாருக்குக் கண்ணில் அழுத்தம் இருப்பது தெரியவந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. சிங்காநல்லூருக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். மாமியார் நான் வருவதற்கு முன்பே தவறிவிட்டார். கணவருக்கு மில்லில் ஃபிட்டர் வேலை, வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறும். வீட்டில் பெரும்பாலும் நானும் மாமனாரும்தான்.

அவர் நேராகப் பார்த்தால் தென்னையில் முற்றிய காய் எது என்று சொல்லிவிடுவார். பக்கத்தில் நிற்கும் எருமை தெரியாது. கதவு நிலையில் இடித்து நெற்றி வீங்கிய பிறகுதான் கோயமுத்தூருக்கு, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா அவரைப் படுக்க வைத்து, கண் மரத்துப்போக மருந்து விட்டு, ஒரு சின்ன உலோகக் கருவியைக் கருவிழிமேல் நிறுத்தினார். அதன் முள் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"போன பார்வை திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம். தினம் நாலு வேளை சொட்டு விடணும். மாசாமாசம் வந்து அழுத்தம் பாத்துக்கணும். யார் விடுவீங்க?"

கணவர் என்னைப் பார்த்தார். "நானே உடறனுங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

விடிந்ததும் ஒரு சொட்டு, உச்சிப்பொழுதில், பொழுது சாயும்போது, படுக்கப் போகும்போது. களையெடுக்கப் போனாலும் பாதியில் ஓடி வருவேன். சந்தையில் பஸ் தாமதமானால் பாதி வழி நடந்தே வந்துவிடுவேன். மருந்து விட்டால் அவருக்குப் புருவம் வலிக்கும், கண்மணி சுருங்கி வெளிச்சம் மங்கிப்போகும். "ஏனம்மணி, இது கண்ணு தெரியறதுக்கு மருந்தா, தெரியாமப் போறதுக்கா?" என்பார். ஆனாலும் மறுத்ததில்லை. நான் வருவதற்கு முன்பே கட்டிலில் உட்கார்ந்து முகத்தை அண்ணாந்து வைத்திருப்பார். அப்படி அவர் காத்திருப்பதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

ஆஸ்பத்திரிக்குக் கிளப்புவதுதான் பெரும்பாடு. "போன மாசத்துக்கு இப்பப் பார்வை ஒண்ணும் கூடலியே, எதுக்குப் போறது?" என்று டாக்டரம்மாவிடமே கேட்டார். "குறையலை இல்லீங்களா? அதுதான் நமக்கு வேணும்" என்றார் அவர்.

ஈரோட்டுப் பக்கம் நான் பிறந்த ஊரில் என் தங்கச்சிக்குக் கல்யாணம் வைத்தார்கள். முகூர்த்தத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம் என்றார் கணவர். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமனார், "ஒரு வாரம் இருந்துட்டு வரட்டும்டா. நானே உட்டுக்கறேன். சின்னப் புள்ளையா நானு?" என்றார்.

ஊருக்குப் போன முதல் நாள் உச்சியில் பந்தி நடுவே எழுந்துவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று அம்மா கேட்டாள். மறுநாளிலிருந்து சொட்டு நேரமே நினைவில்லை. தங்கச்சியோடு பேசிச் சிரித்தே அந்த வாரம் போயிற்று.

அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா முள்ளைப் பார்த்தார், மறுபடி வைத்துப் பார்த்தார்.

"அழுத்தம் ஏறியிருக்குதே. மருந்து விடலீங்களா?"

"ஒரு வேளைகூடத் தப்பலீங்க. மருமவ ஊருக்குப் போன வாரம் நானே உட்டுக்கிட்டனுங்க. புருவவலிகூட இல்லீங்க. பழகிப்போச்சுன்னு நெனச்சேன்."

"எங்க, விட்டுக் காட்டுங்க."

அண்ணாந்து சீசாவைக் கவிழ்த்தார். சொட்டு கன்னத்தில் விழுந்து மீசைக்குள் இறங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "உட்டாச்சுங்க" என்றார். டாக்டரம்மா பஞ்சை எடுத்து அவர் கன்னத்தைத் துடைத்தார்.

பஸ்ஸில் வரும்போது, "நீ இல்லாட்டி ஆவாது போல இருக்குது கண்ணு" என்றார். பாசமாகத்தான் சொன்னார். எனக்கோ, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எங்கேயாவது நடந்துவிடலாமா என்றிருந்தது. அவர் கை முன்சீட்டுக் கம்பியைத் தேடியது. அதை எடுத்துக் கம்பிமேல் வைத்துவிட்டேன்.

கணவரும் ஒருநாள் விட்டுப் பார்த்தார். சீசாவின் நுனி கண்ணில் குத்திவிட்டது. அதோடு அவர் தொடவில்லை. தலைப்பிரசவத்துக்குக்கூட நான் பிறந்த வீடு போகவில்லை. அம்மாதான் இங்கே வந்தாள்.

இடது கண் மெல்ல மெல்ல அணைந்தது. வலது கண்ணில் பார்வை அப்படியே தங்கியது. என் மகளை மடியில் வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்து, "மூக்கு உன்றதுதான் அம்மணி" என்றார். அழுகை வந்துவிட்டது எனக்கு. அம்மா ஊருக்குக் கிளம்பும்போது, "குழந்தையைத் தூக்கிக்கிட்டு ரெண்டு நாளாச்சும் வாயேன்" என்றாள்.

"பாக்கலாம்மா" என்றேன். உள்ளேயிருந்து மாமனார், பொழுது சாஞ்சிருச்சா என்று கேட்டார்.