அண்ணன் காரின் பின்பம்பர்

அண்ணன் கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது அவன் உடுமலைப்பேட்டையிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு கோயமுத்தூர் வந்தான். பின்சீட்டில் பழைய போர்வை சுற்றிய பம்பர் ஒன்று இருந்தது. பந்தயக் கார்களுக்கு ஃபைபர் வேலை செய்யும் ஒருவரிடம் சொல்லி, காரின் சிவப்பிலேயே செய்வித்தது. கீழே உதடு மாதிரி ஒரு விளிம்பு, நடுவில் நம்பர் பிளேட்டுக்காக ஆழமாக உள்வாங்கிய ஒரு பள்ளம். கல்யாணத்தன்று பெண்ணை அழைத்துவரும் கார் அது. முன்னால் பூ அலங்காரம் வந்துவிடும், பின்னால்தான் எல்லோரும் பார்ப்பார்கள் என்பது அவன் கணக்கு.

"நீ கூட இருந்து பாத்துக்க புள்ள. வியாழக்கிழமை வந்து எடுத்துக்கறேன்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டான்.

நான் அப்போது பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வரைபடப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். அந்த அறையில் ஒன்பது ஆண்களும் நானும். ஊரில் அண்ணன் என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் "எந்தங்கச்சி இஞ்சினியருங்க" என்றுதான் ஆரம்பிப்பான். அப்பாவுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. "கோயமுத்தூர்ல ஏதோ கோடு போடற வேலை" என்பார்.

கோயமுத்தூரில் கணபதி என்ற பகுதியில் இருந்த டிங்கரிங் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனேன். பட்டறைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். இவர் பஸ்ஸுக்கு பாடி கட்டும் இடத்தில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகத் தகரக் கொட்டகை போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் சொல்லித்தான் உடுமலைக் கொப்பரை வியாபாரிகள் தங்கள் கார்களை அங்கே கொண்டுவந்தார்கள். கொட்டகையில் நிற்கும் மூன்று கார்களில் இரண்டு உடுமலைக் காராக இருக்கும். ஊரில் எங்கள் வீட்டார் எல்லோரும் அவரை வா, போ என்பார்கள். பட்டறையில் நான் வாங்க, போங்க என்பேன். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

பழைய பம்பரைக் கழற்றியதும் அதற்குப் பின்னால் குறுக்காக ஓடும் இரும்புச் சட்டம் தெரிந்தது. பட்டறையில் அதை பீம் என்பார்கள். பின்னாலிருந்து ஏதாவது இடித்தால் முதல் அடியை வாங்கி, இரண்டு பக்கத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. புது பம்பரை வைத்துப் பார்த்தோம். நம்பர் பிளேட் பள்ளம் அந்த பீமில் முட்டிக்கொண்டு நின்றது. பாடிக்கும் பம்பருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

வழக்கம்போல நோட்டை எடுத்து எழுதினேன். ஒன்று, பம்பரைத் திருப்பிக் கொடுப்பது. அண்ணன் ஒப்பமாட்டான். இரண்டு, துண்டுக் கட்டை கொடுத்து பம்பரை வெளியே தள்ளி மாட்டுவது. அசிங்கமாக இருக்கும். மூன்று, பீமையே எடுத்துவிடுவது. கூடாது. நான்கு, பீமில் பள்ளம் வரும் இடத்தை மட்டும் ஒன்றரை அடி நீளத்துக்கு, முக்கால் ஆழம் வெட்டிவிட்டு, மிச்சத்தில் ஒரு இரும்புப் பட்டியைப் பற்றவைப்பது.

நான்காவதற்குக் கணக்கும் போட்டேன். பம்பர் நான்கு கிலோ. பள்ளத்தில் இறங்கும்போது வரும் குலுக்கலுக்கு மூன்று மடங்கு. மிச்சமிருக்கும் இரும்பு அதைப்போல இன்னும் பல மடங்கு தாங்கும். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பம்பரைத் தாங்குவதற்காக யாரும் அந்த பீமை அங்கே வைக்கவில்லை. அது எனக்குத் தெரியும். கல்லூரியில் படித்திருக்கிறேன். அந்த மத்தியானத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒரு விடை. விடை வரக்கூடிய கணக்கை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

நோட்டில் நான் போட்டுக் காட்டிய வரைபடத்தைப் பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இத்தனை ஆழம் வெட்டிப்போட்டா அப்பறம் பின்னாடி என்னங்க இருக்குது? வெறுந் தகரந்தானுங்களே."

"பட்டி வெக்கறமில்லைங்க."

"பட்டி பம்பரைப் புடிக்குமுங்க. வண்டி வந்து முட்டுனா புடிக்காதுங்க. ஒண்ணு பண்ணலாமுங்க. ஒன்றரை இஞ்சு பைப்பை வளைச்சு, பள்ளத்துக்குப் பின்னால சுத்திக் கொண்டாந்து ரெண்டு பக்கமும் பத்த வெச்சரலாம். வளைக்கற மிஷினு எங்க பழைய கம்பெனில இருக்குது. கேட்டு வளைச்சுக் கொண்டாரணும்னா சனிக்கிழமை ஆயிருமுங்க."

"சனிக்கிழமை மண்டபத்துல நிக்கோணும் கார்."

"அதுந் தெரியுமுங்க."

"இப்போதைக்கு இப்படி மாட்டீருங்க. பைப்பைக் கல்யாணம் முடிஞ்சு வெச்சுக்கலாம். கணக்குப் பாத்துட்டேன், தாங்கும்."

கணக்கு என்றதும் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். "படிச்சவங்க நீங்க சொன்னாச் சரீங்க" என்று வெட்டும் மிஷினை எடுத்தார். அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் வரைபடத்தை வைத்து ஒருவர் இரும்பை வெட்டியது அதுதான் முதல் தடவை. கம்பெனியில் நான் வரைவது மூன்று பேர் கையெழுத்துக்குப் போய்த் திரும்பி வரும். இங்கே அரை மணி நேரத்தில் கண்ணெதிரே பொறி பறந்தது. பம்பர் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. வியாழக்கிழமை அண்ணன் வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, "கம்பெனியில இருந்தே இப்படித்தான் வந்தாப்பல இருக்குது புள்ள" என்றான். உள்ளே என்ன செய்தோம் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் என்ற சடங்கைச் செய்யும் தங்கை நான். பட்டுப்புடவையோடு அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு, வாசலில் நிற்கும் காரின் பின்பக்கத்தை அத்தை பிள்ளைகள் தடவிப் பார்ப்பதை எட்டிப் பார்த்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் விருந்து, மறுவீடு, தேங்காய் சீசன். இரண்டு தடவை பட்டறைக்காரர் கம்பெனிக்கு போன் போட்டு, "பைப்பு வளைச்சு வெச்சிருக்கறனுங்க, வண்டிய அனுப்பி வெய்யுங்க" என்று ஞாபகப்படுத்தினார். அண்ணனிடம் சொல்கிறேன் என்றேன். சொல்வதானால் ஏன் என்றும் சொல்லவேண்டியிருக்கும். தள்ளிப்போட்டேன்.

நாலாம் மாதம், பொள்ளாச்சி ரோட்டில் ரயில்வே கேட் மூடி, கார் நின்றிருந்தபோது, தக்காளிப் பெட்டி ஏற்றிய வேன் ஒன்று பின்னால் வந்து முட்டியது. பெரிய வேகம் இல்லை. முன்சீட்டில் இருந்த அண்ணனுக்கும் அப்பாவுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. டிக்கி மடங்கி, பின்சீட்டின் வலது பக்கத்தை அப்படியே முன்னால் தள்ளிவிட்டது. அங்கே அம்மா உட்கார்ந்திருந்தாள். தோள்பட்டை உடைந்து, பிளேட் வைத்துத் தைத்தார்கள். அதற்கப்புறம் அம்மாவின் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை.

காரைப் பிரித்த பொள்ளாச்சி மெக்கானிக், "பீமைப் பாதிக்கு மேல அறுத்து வெச்சிருக்குதுங்க, எவன் பண்ணுனது இது?" என்று அண்ணனைக் கேட்டாராம்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்காரர் எங்கள் ஊருக்கு வந்தார். அம்மாவுக்கு அடிபட்டது கேள்விப்பட்டு, கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தார். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் கதவோரம். நான் அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டு உள்ளிருந்து வந்தேன்.

"ஏன்டா, உன்னை நம்பித்தான கார விட்டோம்? ஒரு பொம்பளையக் கொல்லப் பாத்தயேடா" என்றார் அப்பா.

பட்டறைக்காரர் பையைக் கீழே வைக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை.

"நான் பம்பர் மாட்டத்தானுங்கப்பா குடுத்தேன். பீமை வெட்டச் சொல்லல" என்ற அண்ணன் என் பக்கம் திரும்பினான். "இவகூடப் பக்கத்துல இருந்தாளே. ஏம்புள்ள, நீ பாக்கலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கையை வீசினார். "அவளுக்கு என்னடா தெரியும்? பேப்பர்ல கோடு போடற புள்ள. இவன் என்ன வெட்டறான், எதுக்கு வெட்டறான்னு அவ கண்டாளா?"

வேறு எந்த நாளில் அப்பா அப்படிச் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்று அந்த வார்த்தைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கஞ்சியை ஆற்றிக்கொண்டே நின்றேன்.

பட்டறைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம், "தப்பாப் போச்சுங்க" என்றார்.

"இனி நம்ம ஆளுக ஒருத்தன் உன்ற பட்டறைப் பக்கம் வாரானான்னு பாரு" என்றார் அப்பா. சொன்னதோடு விடவில்லை. அடுத்த சந்தை நாளில் கொப்பரை மண்டியில் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

பேசாமல் இருந்ததற்கு என்னிடம் காரணங்கள் வரிசையாக இருந்தன. அம்மாவுக்கு இன்னும் தையல் பிரிக்கவில்லை. அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. நங்கை, அதாவது அண்ணன் மனைவி, வீட்டுக்கு வந்து நாலு மாதம்தான். அவள் முன்னால் ரகளை வேண்டாம். கம்பெனியில் லீவு இல்லை. ஒன்றுகூடப் பொய் இல்லை. அதனால்தான் அவற்றை வைத்துக்கொண்டு ஏழு மாதம் ஓட்ட முடிந்தது.

சனி, ஞாயிறு ஊருக்குப் போனால் அம்மாவுக்குத் தலை வாரிவிடுவது என் வேலை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, முகம் பார்க்காமல் பேசலாம் என்ற தைரியத்தில், அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்கப்பங்கிட்டச் சொன்னயா?"

"இல்லீங்கம்மா."

"அந்தப் பையங்கிட்ட?"

"இல்ல."

"என்ற கை போனது போச்சு கண்ணு. அன்னிக்கு அவன் பழம் வாங்கிட்டு வந்தான். ஒரு டம்ளர் தண்ணிகூடக் குடுக்காம அனுப்பிச்சோம்" என்றாள். அப்புறம், "இழுத்துக் கட்டு, அவுந்துக்குது" என்றாள்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் பரவாயில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இப்ப எதுக்கு அதையக் கிளறற? தாராபுரத்துல இருந்து பொண்ணு கேட்டு வாராங்க. கார அறுத்தவன்னு பேரு வேணுமா உனக்கு?"

"அவருக்கு அந்தப் பேரு இருக்குதுங்களேப்பா."

"அவனுக்கென்ன, கைத்தொழில் இருக்குது, பொழச்சுக்குவான்" என்று எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை கணபதிக்குப் போனேன். தகரக் கொட்டகையில் வேறு யாரோ ஜன்னல் கிரில் செய்துகொண்டிருந்தார்கள். பட்டறைக்காரர் பழையபடி பஸ் பாடி கட்டும் கம்பெனிக்கே கூலிக்குப் போய்விட்டதாக டீக்கடையில் சொன்னார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய்க் கேட்டில் சொல்லி அனுப்பினேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாங்க அம்மணி. அம்மாவுக்குக் கை எப்பிடீங்க இருக்குது?"

சொன்னேன். பிறகு, எல்லாம் என் தப்பு, அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும் என்றேன். ராத்திரி முழுக்கக் கோர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் நாலைந்துதான் வந்தன.

"நானும் அன்னிக்குக் கொஞ்ச நேரம் அப்படியே நின்னனுங்களே. நீங்க சொல்லுவீங்கன்னுதான் நின்னேன்" என்றார்.

"நீங்களே சொல்லியிருக்கலாமில்லைங்க?"

"நாஞ் சொன்னா உங்கப்பா நம்பீருவாருங்களா?"

பதில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஒருநா ஊருக்கு வாங்க. அப்பாவையும் அண்ணனையும் வெச்சுக்கிட்டு உங்க முன்னாடியே சொல்லீர்றேன்."

"அந்த வாசல்ல மறுக்காவும் நிக்கச் சொல்றீங்களா?" கோபமாகச் சொல்லவில்லை, கிட்டத்தட்டச் சிரித்தார். "வேண்டாமுங்க. பெல் அடிச்சுருவாங்க, நான் சாப்புடோணும்."

அவர் இல்லாமல் செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அடுத்த சந்தை நாளில் லீவு போட்டு உடுமலை கொப்பரை மண்டிக்குப் போனேன். அங்கே பெண்கள் யாரும் கடைக்குள் ஏறிப் பேசுவதில்லை. அவர் பட்டறைக்குக் கார் அனுப்பிக்கொண்டிருந்த ஐந்து பேரின் கடையிலும் ஏறி, வெட்டச் சொன்னது நான்தான், அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்று சொன்னேன். இரண்டு பேர் அப்பாவின் உடம்பை விசாரித்துப் பேச்சை மாற்றினார்கள். ஒருவர் சோடா வரவழைத்துக் கொடுத்தார். இன்னொருவர் நான் போனதும் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார் என்று பிறகு தெரிந்தது.

ஐந்தாவது கடைக்காரர் மட்டும் முழுசாகக் கேட்டார். "அப்படியா சங்கதி? அவன் நல்ல வேலைக்காரன்னு எனக்கு அப்பவே ஒரு இது இருந்துச்சு அம்மணி. எங்கார் கதவுகூடத் தொங்குது. எங்க இருக்குது இப்ப அவம்பட்டறை?" என்றார்.

பட்டறை இல்லை என்று சொன்னேன்.